ஆறாத புண்ணும் முடியாத படிப்பும்

காலில் காயம்படாத கமக்காரனை எமது கிராமங்களில் காண முடியாது. முள் குத்தும், மண்வெட்டி படும், மாரியில் சேற்றுப்புண் வரும். வந்த புண் தானாக ஆறும் என்பது நாம் பரம்பரையாகக் கண்ட அனுபவம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எந்த மருந்துக்கும் ஆறாத புண் ஒன்று உண்டு. அந்தப் புண்ணைப் பற்றியும், அதனை இனங்காண வேண்டிய வைத்தியர்களின் படிப்பைப் பற்றியும் இவ்விதழில் சில கருத்துக்களை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

வைத்தியர்களின் படிப்பைப் பற்றி இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். நிவாரணம், காணி, விதைநெல், வீட்டுத்திட்டம் என்று கதைக்க வேண்டியவை ஏராளம் இருக்கின்றன. ஆனால் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டால் இதுவும் எமது கவலைதான் என்பது விளங்கும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் வெளியேறியபோது அந்தக் குடும்பமும் வெளியேறியது. பின்னர் வன்னியில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் ஓர் இரவு விளக்குச் சரிந்து தீப்பற்றியது. பிள்ளைகளை வெளியே இழுத்த தகப்பனுக்கு இடது காலில் முழங்காலின் கீழ் எரிகாயம். மாதக்கணக்கில் மருந்து கட்டி ஒருவாறு ஆறியது. தோல் சுருங்கித் தழும்பாய் நின்றது. அந்தக் காலோடுதான் அவர் மீண்டும் கமம் செய்தார், 2009இல் மறுபடியும் இடம்பெயர்ந்தார், முள்வேலிக்குள் இருந்தார், திரும்பி வந்து காடு வெட்டினார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தழும்பின் நடுவே சிறு வெடிப்பு ஒன்று கண்டது. வைத்தியசாலைக்குப் போனார். துடைத்து மருந்து கட்டி விட்டார்கள். பின்னரும் போனார். ஒருமுறை சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதித்தார்கள், இல்லை. ஒருமுறை பூசுமருந்து கொடுத்தார்கள். போகும் ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர். எவரும் அவரை அலட்சியம் செய்யவில்லை. எல்லோரும் அன்று கண்ட புண்ணுக்கு மருந்து தந்தார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. கடைசியாகப் புதிதாக வந்த ஓர் இளம் பெண் வைத்தியர் அவரை இருத்தி, கட்டை முழுதாக அவிழ்த்துப் பார்த்து, "ஐயா, இந்தப் புண் எவ்வளவு காலமாய் இருக்குது?" என்று கேட்டார். "ரெண்டு வருசமாச்சுது பிள்ளை" என்றார் இவர். "இந்தத் தழும்பு?" "அது இவள் மூத்தவள் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை வந்தது." அன்றே கடிதம் எழுதிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். புண்ணின் ஓரத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். தோற்புற்றுநோய். கால் போயிற்று, உயிர் நின்றது.

இரண்டு கேள்விகள்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவை கேட்கப்பட்டிருந்தால் அந்தக் கால் இன்றும் வயலில் நின்றிருக்கக்கூடும். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தூண்டுவது இரக்கம் மட்டுமன்று. இப்படியொரு நோய் உண்டு என்ற அறிவு வேண்டும். அந்த அறிவு பட்டம் பெற்ற நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

தழும்பில் வரும் ஆபத்து

நெடுங்காலத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் புற்றுநோய் தோன்றலாம் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. பிரான்ஸ் நாட்டு அறுவை வைத்தியர் மார்ஜொலின் 1828ஆம் ஆண்டிலேயே இத்தகைய புண்களை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே வைத்தியர்கள் அதனை அழைக்கின்றனர். எரிகாயத் தழும்பே இதற்கு முதற் காரணம். வெடிகாயம், எலும்பில் சீழ்பிடித்து ஒழுகும் புண், அழுத்தத்தால் வந்த படுக்கைப்புண் ஆகியவற்றிலும் வரலாம். காயம்பட்ட காலத்துக்கும் புற்றுநோய் தோன்றும் காலத்துக்கும் இடையில் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் செல்லும். முப்பது ஆண்டு என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி காணும் கணக்கு.

இந்தக் கணக்கை எமது வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எரிந்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் அந்த முப்பது ஆண்டுகள் இப்போதுதான் நிறைகின்றன. 2009இல் காயம்பட்டவர்களுக்கு இன்னும் வரும். யுத்தம் முடிந்துவிட்டது, தழும்பு முடியவில்லை. எமது மாவட்டங்களில் பணிபுரியும் ஒவ்வொரு வைத்தியரும் இதனை அறிந்திருக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேயே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். எல்லாத் தழும்பும் புற்றுநோயாக மாறுவதில்லை. மிகச் சிலவே மாறுகின்றன. ஆறாத புண்களிற் பல சீனி வருத்தத்தாலும் இரத்த ஓட்டக் குறைவாலும் வருபவை. ஆகவே வீண் பயம் வேண்டாம். ஆனால் நெடுநாள் ஆறியிருந்த தழும்பு மீண்டும் வெடித்தாலும், ஒரு மாதமாகியும் புண் ஆறாவிட்டாலும், அதன் ஓரம் தடித்து மேலெழுந்தாலும், தொட்டவுடன் இரத்தம் கசிந்தாலும், நாற்றம் வீசினாலும் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் நிச்சயிக்க முடியாது. சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

நூலிலுள்ள தோலும் எமது தோலும்

வைத்தியர்களின் இடர்ப்பாட்டையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் தோல் நோய்களுக்குக் கிடைக்கும் காலம் சொற்பம். உயிர் போகும் நோய்கள் எத்தனையோ இருக்கத் தோலுக்குப் பின்னிடமே கிடைக்கிறது. அதன் பின் ஒரு கிராமிய வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் இருத்தப்படும் இளம் வைத்தியர் முன்னால் காய்ச்சலும் இளைப்பும் வயிற்றோட்டமுமாய் நீண்ட வரிசை நிற்கும். அந்த வரிசையில் சொறி, படை, தேமல், புண் என்று வருவோரும் பலர். ஒருவருக்கு ஒதுக்கக்கூடியது ஓரிரு நிமிடங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. உலகெங்கும் பயன்படும் தோல் நோய் நூல்களில் உள்ள படங்களிற் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. வெள்ளைத் தோலில் சிவப்பாய்த் தெரியும் அழற்சி எமது தோலில் கபிலமாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். படத்தைப் பார்த்துப் படித்தவருக்கு நேரில் கண்டது மட்டுப்படாமற் போகலாம். இந்தக் குறையை இலண்டனில் மருத்துவம் பயின்ற மலோன் முக்வெண்டே என்ற மாணவர் உணர்ந்தார். சிம்பாப்வேயில் பிறந்த அவர் தமது ஆசிரியர்களுடன் சேர்ந்து, கறுப்பு மற்றும் மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கைந்நூல் ஒன்றை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார். மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி ஆசிரியர்களுக்கும் பாடமாயிற்று.

தோற்புற்றுநோய் என்றாலே வெயில் தாங்காத வெள்ளையருக்கு வருவது என்ற எண்ணம் எம்மிடமும் உண்டு, வைத்தியர் சிலரிடமும் உண்டு. எமது தோலின் கருமை வெயிலிலிருந்து பெரிதும் காப்பது உண்மையே. ஆனால் கரும்புற்று எனப்படும் கொடிய வகை, கருந்தோல் உடையோரில் வெயில் படாத இடங்களான உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழுமே கூடுதலாகத் தோன்றுகிறது. ஜமேக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லிக்குக் கால் விரல் நகத்தின் கீழ் வந்தது இதுதான். உதைபந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1977இல் நோய் இன்னதென்று தெரிந்தது. 1981இல் அவர் இறந்தபோது வயது 36. புகழும் பணமும் உள்ளவருக்கே இப்படியென்றால், வெறுங்காலோடு வயலில் நிற்கும் நாம் உள்ளங்காலின் கறுப்பு அடையாளத்தை முள் குத்திய இடமென்றும் ஆணியென்றும் விட்டுவிடுவதில் வியப்பில்லை.

எதிர்ப்பக்கமாக, பிறவியிலேயே தோலில் நிறமியின்றி வெண்மையாய்ப் பிறக்கும் பிள்ளைகளும் எமது ஊர்களில் உண்டு. அவர்களுக்கு வெயிலே பகை. அத்தகைய பிள்ளையை நாள் முழுதும் தோட்டத்தில் நிற்கவிடக் கூடாது என்று பெற்றோருக்கு ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்வதும் வைத்தியரின் கடமையாகும்.

படித்து முடித்த பின் வந்த நோய்

படிப்பு ஏன் தொடர வேண்டும் என்பதற்கு எமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மானியா என்ற தோல் நோய் இங்கேயே தொற்றியதாக முதன்முதல் அறிவிக்கப்பட்டது 1992ஆம் ஆண்டில். அதற்கு முன் பட்டம் பெற்ற வைத்தியர்கள் அதனை வேறு நாட்டு நோயாகவே படித்திருப்பார்கள். பின்னர் அது அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை போன்ற மாவட்டங்களிற் பரவியது. 2008இல் சுகாதாரத் திணைக்களத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வலியில்லாத சிறு கட்டியாய்த் தொடங்கிப் புண்ணாகும் இந்நோய் புற்றுநோய் அல்ல. ஊசியாலும் உறையவைத்தும் மாற்றலாம். ஆனால் அதனை நினைவில் வைத்திருப்பவரே கண்டுபிடிப்பார். காட்டோரம் வயல் செய்வோரும் திறந்த கொட்டிலில் படுப்போரும் இதனை அறிந்திருப்பது நன்று.

தொழுநோயும் இதே பாடத்தைத் தருகிறது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோயை நீக்கும் இலக்கை இலங்கை 1995இல் எட்டியது. 2001இல் தொழுநோய்ப் பணி தனி இயக்கமாக அன்றிப் பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கப்பட்டது. நல்ல மாற்றந்தான். ஆனால் அதன் பொருள், தொழுநோயை இனங்காணும் பொறுப்பு இனி எல்லா வைத்தியருக்கும் உரியது என்பதே. இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் காணப்படுகின்றனர். உணர்ச்சியற்ற தேமலை ஒரு பஞ்சுத் துரும்பால் தொட்டுப் பார்த்தே சந்தேகிக்கலாம். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக எடுத்தால் நோய் மாறும். நோய் அருகி வரும்போது அதனை நேரில் கண்ட வைத்தியர்களும் அருகிவிடுகின்றனர். ஆகவே அந்தக் கற்கையைத் திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டியிருக்கிறது.

எப்படிப் படிப்பது?

தொடர் கல்வி என்றால் நகரத்து விடுதி ஒன்றில் நடக்கும் ஒரு நாட் கருத்தரங்கு, மதிய உணவு, சான்றிதழ் என்று ஆகிவிடக் கூடாது. பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வைத்தியர்கள் தமது அறிவைப் புதுப்பித்து வருவதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்டியே தொழில் உரிமத்தைத் தொடர வேண்டியுள்ளது. விதி நல்லது. ஆயினும் வைத்தியர் எதைப் படிக்கிறார், யாரிடமிருந்து படிக்கிறார் என்பது அதிலும் முக்கியம்.

தோலில் வைத்துப் பார்க்கும் சிறு ஒளிக்கண்ணாடி ஒன்று உண்டு. தோலின் மேற்படைக்குக் கீழேயுள்ள நிறக் கோலத்தை அது பெரிதாக்கிக் காட்டும். பயிற்சி பெற்றவர் கையில் அது கரும்புற்றை இனங்காண நன்கு உதவும். பயிற்சியில்லாதவர் கையில் வெறுங்கண்ணை விடப் பயன் தருவதில்லை. கருவியை வாங்கிக் கொடுத்துப் படமெடுத்துவிட்டுப் போகும் உதவி நிறுவனங்களுக்கும் இது ஒரு பாடம். உழவு யந்திரத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டப் பழக்காமற் போன திட்டங்களை நாம் கண்டிருக்கிறோம்.

வைத்தியருக்குச் சிறந்த ஆசிரியர் நோயாளியே. காஷ்மீரத்தில் குளிருக்கு மக்கள் நெருப்புச் சட்டியை உடுப்புக்குள் வயிற்றோடு அணைத்து வைத்திருப்பர். அந்தச் சூடு பட்ட இடத்தில் புற்றுநோய் வருவதை ஸ்ரீநகரின் சி.எம்.எஸ். மிஷன் வைத்தியசாலையில் பணிபுரிந்த நீவ் சகோதரர்கள் கண்டு எழுதினர். மக்களின் வாழ்க்கையைக் கவனித்ததால் அவர்கள் நோயின் காரணத்தை அறிந்தனர். எமது மண்ணிலும் அத்தகைய முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். தாமும் தமிழ் கற்று, தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். ஆசிரியரும் படிக்க வேண்டியவர்தான் என்பதற்கு அவரே சாட்சி.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, தோல் நோய் நிபுணர் மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலையில் மட்டும் இருந்து பார்ப்பது போதாது. ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது கிராமிய வைத்தியசாலைக்கு வந்து, அங்குள்ள வைத்தியர்களோடு ஒன்றாக இருந்து நோயாளரைப் பார்க்க வேண்டும். அதுவே நோயாளிக்குச் சிகிச்சை, வைத்தியருக்கு வகுப்பு.

இரண்டாவது, அனுப்பப்பட்ட நோயாளியின் முடிவு அனுப்பிய வைத்தியருக்குத் திரும்பி வர வேண்டும். தாம் சந்தேகித்தது சரியா பிழையா என்று தெரியாதவர் எப்படிப் படிப்பார்? ஒரு கடிதத்தின் செலவில் கிடைக்கும் கல்வி இது.

மூன்றாவது, எமது மக்களின் தோலில் எடுத்த படங்களைக் கொண்ட ஒரு தொகுப்பு, நோயாளியின் சம்மதத்துடனும் முகம் தெரியாமலும் ஆக்கப்பட்டு ஒவ்வொரு வைத்தியசாலையிலும் இருக்க வேண்டும். வைத்தியர் மாற்றலாகிப் போவார், தொகுப்பு அங்கேயே நிற்கும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் ஒழுங்கும் இன்று சாத்தியமே.

நான்காவது, காயத்துக்கு மருந்து கட்டுவோர் தாதியரும் உதவியாளருமே. குடும்பநல மாது வீடு வீடாகப் போகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊரை அறிந்தவர். இவர்களையும் அந்த வகுப்பில் இருத்த வேண்டும். ஒரு மாதமாய் ஒரே புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதி, "இது ஆறவில்லை டொக்டர்" என்று சொல்லத் துணிய வேண்டும்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை தெற்கு வடக்கு வேறுபாடின்றி நடந்தவர்கள் சேர்த்த நிதியில் அது எழுந்தது. முன்போல எல்லாவற்றுக்கும் மகரகமை போக வேண்டியதில்லை. ஆனால் கிராமத்து வைத்தியர் நேரகாலத்தோடு அனுப்பாவிட்டால் அந்தக் கட்டடத்தின் முழுப் பயனும் எம்மை வந்து சேராது.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பது மட்டும் போதாது. எமது பக்கத்திலும் குறை உண்டு. இடப்பெயர்வில் எமது கிளினிக் கொப்பிகள் தொலைந்தன, எரிந்தன, மழையில் கரைந்தன. ஆகவே எமது உடம்பின் வரலாறு எம்மிடம் மட்டுமே இருக்கிறது. அதனை நாமே சொல்ல வேண்டும். ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வையுங்கள்: எரிந்தது எந்த ஆண்டு, எந்த இடம், எப்போது ஆறியது, எப்போது மீண்டும் வெடித்தது. வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கட்டை அவிழ்த்துக் காட்டுங்கள்.

கிழமைக்கு ஒருநாள் கால் கழுவும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் பாருங்கள். வயோதிபருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கடையில் பெயர் சொல்லி வாங்கும் பூசுமருந்துகளில் கவனமாயிருங்கள். ஸ்டீரொயிட் கலந்த மருந்து அரிப்பை அடக்கும். ஆனால் படையைப் பரவவிட்டு அதன் அடையாளத்தையும் மறைத்துவிடும். பிறகு வைத்தியருக்கும் மட்டுப்பிடிக்க முடியாது. தேமலை வெட்கத்தால் மறைக்காதீர்கள். நேரத்தோடு காட்டிய எவரும் கெட்டுப்போனதில்லை.

மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இக்கோரிக்கைகளை எழுத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் கொடுக்கலாம். பங்கு மண்டபத்தைக் கிளினிக் நடத்தத் தரலாம். குற்றஞ்சாட்டுவதற்காக அன்றி, ஒன்றாய்ப் படிப்பதற்காகவே நாம் வைத்தியரிடம் போகிறோம்.

லேவியர் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தோலில் அடையாளம் கண்டவன் குருவிடம் வருகிறான். எரிகாயத் தழும்பில் வந்த மாற்றத்தைப் பற்றியும் அங்கே சொல்லப்படுகிறது. குரு உற்றுப் பார்க்கிறார். சந்தேகமானால் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கிறார். அக்காலத்தில் நோயாளியைப் பாளயத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். அதனை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. எம்மையும்தான் எத்தனை பாளயங்களுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆனால் மறுபடியும் பார்க்கும் அந்தப் பழக்கம் இன்றைக்கும் வேண்டியது. பார்த்த புண்ணையே மறுபடியும் பார்க்கும் வைத்தியரும், காட்டிய காலையே மறுபடியும் கொண்டுபோய்க் காட்டும் நாமும் சேர்ந்தால், இன்னொரு தகப்பனின் கால் மிஞ்சும்.